தெரியாதது ஏன் தெரிவதில்லை? டன்னிங்–க்ரூகர் விளைவு பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி: "கொஞ்சம் தெரிந்தவர்கள்தான் அதிகம் அடித்துப் பேசுகிறார்கள். இதற்கு டன்னிங்–க்ரூகர் விளைவு என்று பெயர் சொல்லி, 'முட்டாள் மலை' என்ற வரைபடத்தையும் எல்லோரும் பகிர்கிறார்கள். இது நிரூபிக்கப்பட்ட விஷயமா? எனக்கே அது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

முதலில் அந்த வரைபடத்தைக் கழித்துவிடுவோம். இடது ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிகரம், அடுத்து ஒரு பள்ளம், பிறகு மெதுவாக ஏறும் சரிவு என்று வருமே, அது உளவியலாளர்கள் டேவிட் டன்னிங்கும் ஜஸ்டின் க்ரூகரும் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில் கிடையாது. அவர்கள் போட்ட படங்களில் மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. இரண்டு வகைக் கோடுகள்தான். ஒன்று, ஆட்கள் வாங்கிய உண்மையான இடம்; அது செங்குத்தாக ஏறும். இன்னொன்று, அவர்களே தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட இடம். அது ஏறக்குறைய படுத்தே கிடக்கும். கீழே இருப்பவர் தன்னை மேலே இருப்பவரைவிட உயர்வாக நினைக்கிறார் என்று அந்தக் கட்டுரை எங்கும் சொல்லவில்லை. எல்லோரும் தங்களைச் சராசரிக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்கிறார்கள், அதனால் கீழே இருப்பவருக்கு இடைவெளி பெரிதாகிவிடுகிறது என்றுதான் அந்தப் படங்கள் காட்டுகின்றன. "நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்" என்போமே, இங்கே இரண்டு குடமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் ஆடுகின்றன. உள்ளே இருக்கும் தண்ணீரில்தான் வித்தியாசம்.

கட்டுரை ஒரு திருட்டில் தொடங்குகிறது. 1995-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒருவர் முகமூடி இல்லாமல் பட்டப்பகலில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடித்தார். கேமராவில் பதிவான படம் இரவுச் செய்தியில் வந்ததும் பிடிபட்டார். படத்தைக் காட்டியபோது அவருக்கு நம்பவே முடியவில்லை. எலுமிச்சைச் சாற்றில் எழுதினால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது அல்லவா, அதே சாற்றை முகத்தில் பூசிக்கொண்டால் கேமராவில் முகம் தெரியாது என்று நினைத்திருந்தார். கதை சுவையானதுதான். ஆனால் இந்தக் கதை ஒட்டிக்கொண்டதால்தான் முழு ஆய்வும் 'முட்டாள்களைப் பற்றியது' என்று ஆகிவிட்டது. ஆய்வில் கலந்துகொண்டவர்களோ கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர்கள். எந்தக் கணக்கிலும் அவர்கள் முட்டாள்கள் இல்லை.

நான்கு சோதனைகள் நடந்தன. ஒன்று நகைச்சுவையை மதிப்பிடுவது, இரண்டாவது தர்க்கம், மூன்றாவது ஆங்கில இலக்கணம், நான்காவது மறுபடி தர்க்கம், இம்முறை பயிற்சியோடு. தர்க்கச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 45 மாணவர்கள், 20 கேள்விகள். எழுதி முடித்ததும், 'மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் உன் பெர்சென்டைல் என்ன (அதாவது, நூற்றுக்கு எத்தனை பேரைவிட நீ மேலே), எத்தனை கேள்விக்குச் சரியாக எழுதியிருப்பாய்' என்று கேட்டார்கள். கடைசிக் கால்வாசியில் இருந்தவர்களின் உண்மையான இடம் 12-ஆவது பெர்சென்டைல். தங்கள் தர்க்கத் திறமைக்கு அவர்கள் கொடுத்துக்கொண்டது 68. சராசரியாக 14.2 கேள்வி சரி என்று நினைத்தார்கள். சரியாக இருந்தது 9.6. இலக்கணச் சோதனையில் முதல் கால்வாசியினரின் உண்மையான இடம் 89, அவர்கள் சொன்னது 70 சுற்றி. தாங்கள் எத்தனை சரியாக எழுதினோம் என்பதை அவர்கள் ஏறக்குறைய சரியாகவே சொன்னார்கள். மற்றவர்களும் அதே அளவு எழுதியிருப்பார்கள் என்று நினைத்ததுதான் அவர்கள் செய்த பிழை.

இதற்கு டன்னிங்–க்ரூகர் சொன்ன காரணம் 'இரட்டைச் சுமை'. ஒரு வாக்கியம் இலக்கணப்படி சரியா என்று கண்டுபிடிக்க எந்த அறிவு வேண்டுமோ, சரியாக எழுதவும் அதே அறிவுதான் வேண்டும். அது இல்லாதவர் தப்பாக எழுதுவார். தப்பு என்று பார்க்கவும் மாட்டார். அளக்கிற கோலும் செய்கிற கருவியும் ஒன்றாகவே இருப்பதால் வரும் வினை இது.

வார்த்தையாகச் சொன்னால் பிடிபடாது. ஒரு புதிரில் காட்டுகிறேன். நான்காவது சோதனையில் பயன்பட்ட வகை இது. உளவியலாளர் பீட்டர் வேசன் உருவாக்கியது. மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரியும் பக்கங்கள்: அ, க், 4, 7. விதி இது: "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்." இந்த விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்பியாக வேண்டும்?

படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு விடையை முடிவு செய்யுங்கள்.

பெரும்பாலோர் 'அ'வையும் '4'ஐயும் திருப்புவார்கள். சரியான விடை 'அ'வும் '7'உம். '4'க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தாலும் மெய்யெழுத்து இருந்தாலும் விதி உடையாது. இரட்டைப்படைக்குப் பின்னால் உயிரெழுத்துதான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவே இல்லை. '7'க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி அங்கேயே உடைந்தது. 'அ, 4' என்று சொன்னவர் தன் விடையை மறுபடி சரிபார்த்தால் என்ன ஆகும்? விதியில் உயிரெழுத்து என்று இருக்கிறது, 'அ'வைப் பார்த்தேன், இரட்டைப்படை என்று இருக்கிறது, '4'ஐப் பார்த்தேன், சரி. பத்து முறை பார்த்தாலும் பத்து முறையும் 'சரி' என்றே வரும். அவர் கவனக்குறைவானவர் இல்லை. அவர் கையில் இருக்கும் சரிபார்க்கும் முறையே கோணலாக இருக்கிறது. "இன்னொரு தடவை நன்றாகப் பார்" என்ற அறிவுரை இங்கே சல்லிக்காசுக்கு உதவாது.

நான்காவது சோதனையில் 140 பேர் இப்படிப் பத்துப் புதிர்களைப் போட்டார்கள். பிறகு பாதிப் பேருக்கு மட்டும் இந்த வகைப் புதிரைத் தீர்க்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரப் பாடம்தான். பாடம் கேட்ட கடைசிக் கால்வாசியினர், ஏற்கெனவே எழுதிக் கொடுத்த தங்கள் தாளையே பார்த்து, தங்களுக்குக் கொடுத்த மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டார்கள். பாடம் கேட்காதவர்கள் குறைக்கவில்லை. இலக்கணச் சோதனையில் வேறு விதமாகச் செய்து பார்த்திருந்தார்கள்: சில வாரம் கழித்துக் கூப்பிட்டு, மற்ற மாணவர்களின் ஐந்து விடைத்தாள்களைத் திருத்தச் சொன்னார்கள். நன்றாக எழுதியிருந்தவர்கள், 'அட, மற்றவர்கள் இவ்வளவுதானா' என்று தங்கள் இடத்தை உயர்த்திக்கொண்டார்கள். மோசமாக எழுதியிருந்தவர்கள் தங்களைவிட நல்ல தாள்களைக் கையில் வைத்துத் திருத்தியும் மதிப்பீட்டைக் குறைக்கவில்லை. நல்ல தாள் நல்ல தாளாகத் தெரிந்தால் அல்லவா குறைப்பதற்கு?

இது கர்வமா என்று கேட்கலாம். திருக்குறளில் 85-ஆவது அதிகாரத்துக்கே 'புல்லறிவாண்மை' என்று பெயர். இந்த விஷயத்துக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அதில் 844-ஆம் குறள், நாம் அறிவுடையவர் என்று தன்னைத் தானே மதிக்கும் செருக்குதான் அறிவின்மை என்கிறது. வள்ளுவர் அதைக் குணக்கேடாகப் பார்க்கிறார். டன்னிங் தரப்பு அதை அளவைக்கோளாறாகப் பார்க்கிறது. அதற்கு ஒரு சான்றும் வைத்திருக்கிறார்கள். 2008-இல் வந்த தொடர் ஆய்வில், தன் மதிப்பெண்ணைச் சரியாகக் கணித்தால் 100 டாலர் வரை தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். செருக்குதான் காரணம் என்றால் காசுக்காகவாவது கொஞ்சம் இறங்கி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதே ஆய்வில், பல்கலைக்கழக விவாதப் போட்டியில் கடைசியில் இருந்த அணிகள் ஐந்துக்கு நான்கு சுற்றில் தோற்றுக்கொண்டிருந்தன; தாங்கள் பாதிக்கு மேல் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தன.

இதுவரை ஒரு பக்கம். இனி எதிர்த் தரப்பு. இதையும் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பெயரை உச்சரிப்பது, நாம் யாரைக் குறை சொல்கிறோமோ அவர் செய்வதையே செய்வதாகும்.

அந்த '12-ஆவது பெர்சென்டைல்' ஒரு கண்டுபிடிப்பே இல்லை. நூறு பேரை வரிசையில் நிறுத்திக் கடைசி 25 பேரை எடுத்தால், அவர்களின் சராசரி இடம் 12.5 என்றுதான் வரும். சமையல் சோதனையானாலும் சதுரங்கச் சோதனையானாலும் அதேதான். முதல் 25 பேரின் சராசரி 87.5. இப்போது யாருக்கும் எந்தக் குருட்டுத்தனமும் இல்லை, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தங்களுக்கு 65 போட்டுக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பவர்களுக்கு 52.5 அதிகம், மேலே இருப்பவர்களுக்கு 22.5 குறைவு. பிரபலமான அந்தப் படம் அப்படியே வந்துவிட்டது. டன்னிங்–க்ரூகர் தேவையே இல்லை.

இரண்டாவது, அதிர்ஷ்டம். பத்துக் கேள்வித் தேர்வில் வழக்கமாக 7 வாங்கக்கூடியவர் அன்றைக்கு 4 வாங்கிவிட்டார். "7 வாங்கியிருப்பேன்" என்கிறார். அவர் சொன்னது தன் திறமைக்குச் சரியான கணிப்பு. ஆனால் அந்த ஒரு தாளை வைத்துப் பிரித்தால் 'தன்னை மிகையாக மதிப்பவர்' பட்டியலில் அவர் பெயர் ஏறிவிடும். மேலே, அதிர்ஷ்டத்தில் 9 வாங்கிய இன்னொரு 7-காரர் 'தன்னைக் குறைவாக மதிப்பவர்' ஆகிவிடுவார். புள்ளியியலில் இதற்குச் சராசரி நோக்கிய சரிவு என்று பெயர். 2002-இல் யோகிம் க்ரூகர், ராஸ் முல்லர் இருவரும் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள் (இவர் வேறு க்ரூகர், பெயர் ஒற்றுமை தற்செயல்). இதைத் தவிர்க்க வழி உண்டு. இரண்டு தேர்வு வைக்க வேண்டும். ஒன்றை வைத்து ஆட்களைப் பிரிக்க வேண்டும், மற்றதை வைத்து அளக்க வேண்டும். அப்படிச் செய்தால் இடைவெளி சுருங்கிவிடுகிறது.

2006-இல் பர்சன், லாரிக், கிளேமன் மூவரும் சோதனையைக் கடினமாக்கிப் பார்த்தார்கள். படம் புரண்டது. கடினமான வேலையில் எல்லோரும் 'நான் மோசம்' என்று நினைக்கிறார்கள். அப்போது உண்மையிலேயே கீழே இருப்பவரின் கணிப்பு சரியாக அமைந்துவிடுகிறது. நன்றாகச் செய்தவர்தான் தப்பாகக் கணிக்கிறார். 2020-இல் ஜில்ஸ் கின்யாக், மார்சின் ஸயன்கோவ்ஸ்கி இருவரும் 929 பேரின் நுண்ணறிவுத் தேர்வை வேறு புள்ளியியல் முறைகளில் அலசி, கீழே இருப்பவர்களுக்கென்று தனிக் குருட்டுத்தனம் பெரிதாக எதுவும் தெரியவில்லை என்றார்கள். மறு வருடமே வேறொரு குழு ஆயிரக்கணக்கானவர்களை வைத்து இலக்கணத்தையும் தர்க்கத்தையும் மறுபடி சோதித்தது. குறைவாக வாங்குபவர்களுக்கு 'இந்தக் கேள்விக்கு நான் எழுதியது சரியா தப்பா' என்று பிரித்தறியும் திறன் உண்மையிலேயே கொஞ்சம் குறைவு என்று அதில் தெரிந்தது.

ஆக, இன்றைய நிலவரம் இதுதான். படத்தில் தெரியும் பெரிய இடைவெளியில் பெரும்பங்கு கணக்கு செய்யும் மாயம், கூடவே எல்லோருக்கும் பொதுவான 'நான் சராசரிக்கு மேல்' என்ற நினைப்பு. மீதி ஒரு சிறு பங்கு நிஜம். அந்தச் சிறு பங்கைத்தான் வேசன் புதிரில் பார்த்தோம்.

'நான் சராசரிக்கு மேல்' என்ற நினைப்பு எவ்வளவு பரவலானது? 1981-இல் ஓலா ஸ்வென்சன் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பங்கேற்பாளர்களில் 93 சதவீதம் பேர் வண்டி ஓட்டும் திறமையில் தாங்கள் மேல் பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்வீடனில் 69 சதவீதம். எல்லோரும் மேல் பாதியில் இருக்க முடியாது என்பது தெரிந்ததே. இதில் கவனிக்க வேண்டியது வேறு: 'திறமை' என்பதற்கு ஒவ்வொருவரும் ஒரு பொருள் வைத்துக்கொள்கிறார்கள். வேகமாகப் போகிறவர் வேகத்தைத் திறமை என்கிறார், நிதானமாகப் போகிறவர் நிதானத்தை. தெளிவான அளவுகோல் இல்லாத இடத்தில் எல்லோரும் முதல் வரிசைதான்.

இந்தத் துறை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். மிகை நம்பிக்கையை ஆளின் குணத்தில் தேடுவதைவிட வேலையின் தன்மையில் தேடுவது பலன் தரும். சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று யாராலும் தப்பாக நம்பிக்கொண்டிருக்க முடியாது. விழுந்து முழங்கால் சிராய்த்துவிடும். மூலக் கட்டுரையே இந்த விதிவிலக்கைச் சொல்கிறது: ஸ்லோவேனிய மொழிப் பழமொழிகளை மொழிபெயர்க்க வராது என்பது வராதவருக்கு நன்றாகவே தெரியும். பிழை சத்தம் போடும் வேலையில் ஆள் தானாகவே அடங்கிவிடுகிறார். பிழை சத்தம் போடாத வேலையில்தான் நம்பிக்கை வளர்ந்துகொண்டே போகிறது.

அலுவலகத்தில் ஒரு உதாரணம். 'எனக்கு எக்செல் நன்றாகத் தெரியும்' என்கிறவர் விலைப்பட்டியலில் இருந்து விலை எடுக்க, பட்டியலில் தேடி எடுத்துத் தரும் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலா போடுகிறார். மூன்று விவரம் கொடுத்துவிட்டு நான்காவதை விட்டுவிடுகிறார். ஃபார்முலா வேலை செய்கிறது; எண்களும் வருகின்றன. நான்காவதைக் காலியாக விட்டால் எக்செல் 'ஏறத்தாழப் பொருந்தினால் போதும்' என்று எடுத்துக்கொள்ளும். பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது என்று நம்பித்தான் தேடும். பொருள் குறியீடுகள் முன்னே பின்னே கிடந்தால், வேறு பொருளின் விலையை எடுத்து வந்து சத்தமில்லாமல் வைத்துவிடும். சிவப்பு எழுத்தோ எச்சரிக்கையோ வராது. 400 வரியில் 380 வரி சரியாக இருந்து 20 வரி தப்பாக இருக்கலாம். இன்வாய்ஸ் போய்ச் சேர்ந்து வாடிக்கையாளர் கேட்கும்வரை தெரியாது. நான்காவது இடத்தில் பூஜ்யம் போட்டால் சரியாகப் பொருந்துவதை மட்டும் எடுக்கும். கிடைக்காத குறியீட்டுக்குப் பிழைக்குறி காட்டும். பலர் அந்தப் பிழைக்குறியைப் பார்த்துப் பயந்து, 'முன்னால் நன்றாகத்தானே வந்தது' என்று பழைய ஃபார்முலாவுக்கே திரும்பிவிடுகிறார்கள். பிழையைக் காட்டும் ஃபார்முலா மோசம், மறைக்கும் ஃபார்முலா நல்லது என்று ஆகிவிடுகிறது.

வீட்டு வயரிங் இதைவிட மோசம். மூன்று முனை சாக்கெட்டில் டெஸ்டர் வைத்தால் ஃபேஸ் துளையில் விளக்கு எரியும். 'சப்ளை வந்துவிட்டது' என்று வேலையை முடித்துவிடுவார்கள். எர்த் இருக்கிறதா என்று டெஸ்டர் சொல்லாது. எர்த் இல்லாமலே அயர்ன் பாக்ஸ் சூடாகும், மிக்ஸி ஓடும், ஃபிரிட்ஜ் குளிரும். சிலர் எர்த் வயர் இழுக்கச் சோம்பி, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். அப்போது மீட்டர் வைத்துப் பார்த்தாலும் ஃபேஸுக்கும் எர்த் துளைக்கும் இடையே 230 வோல்ட் காட்டும், சோதனையிலும் 'பாஸ்'. என்றைக்காவது நியூட்ரல் வயர் எங்கேயாவது அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தின் வழியாக வரும் மின்சாரம் அந்த முடிச்சு வழியே அதன் உலோக உடம்புக்கே வந்து சேரும். அதுவரை இருபது வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கலாம். 'இருபது வருஷமா இப்படித்தான் பண்றேன், ஒண்ணும் ஆனதில்லை' என்பது பொய் இல்லை. ஆனால் அந்த இருபது வருடத்தில் அவருக்கு யாரும் மார்க் போடவில்லை. இங்கே அனுபவம் என்பது அறிவின் அளவு இல்லை, பின்னூட்டம் வராத காலத்தின் அளவு.

மறுபுறம் வானிலைக்காரர்களைப் பாருங்கள். அமெரிக்காவில் 1965 முதல் மழை முன்னறிவிப்பைச் சதவீதமாகவே சொல்கிறார்கள். 'நாளை மழைக்கு 70 சதவீத வாய்ப்பு' என்று அவர்கள் சொன்ன நாட்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய பத்தில் ஏழு நாள் மழை பெய்திருக்கும். அவர்கள் பிறவியிலேயே அடக்கமானவர்கள் இல்லை. தினமும் எண்ணாக ஒன்றைச் சொல்கிறார்கள், மறுநாளே வானம் விடைத்தாளைக் கொடுத்துவிடுகிறது.

'கொஞ்சம் தெரிந்தவர்தான் ஆபத்து' என்பதற்கும் ஒரு ஆய்வு உண்டு. 2018-இல் கார்மென் சான்செஸும் டன்னிங்கும் யாருக்கும் முன்னனுபவம் இருக்க முடியாத ஒரு வேலையைக் கொடுத்தார்கள்: கற்பனையான ஸோம்பி நோய்களை அறிகுறிகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். 60 நோயாளிகள், ஒவ்வொன்றுக்கும் உடனே சரியா தப்பா என்று சொல்லப்படும். முதல் நோயாளியின்போது யாரும் துள்ளவில்லை. ஒன்றுமே தெரியாதவருக்குத் தெரியாது என்பது தெரிந்திருந்தது. சில நோயாளிகளைப் பார்த்த பிறகு நம்பிக்கை மட்டும் கிடுகிடுவென்று ஏறியது. திறமை அதன் பாட்டுக்கு மெதுவாகத்தான் ஏறியது. காரணம், ஐந்தாறு பேரை வைத்தே ஆட்கள் மனதில் ஒரு விதியைக் கட்டிவிடுகிறார்கள். அதில் தற்செயலாக ஒத்துப்போனவையும் அடங்கும். பிறகு தப்புகள் சேரச்சேர நம்பிக்கை ஏறுவது நிற்கிறது. முட்டாள் மலைக்கு ஏதாவது ஆதாரம் உண்டென்றால் இதுதான். ஆனால் அதுவும் தரைக்கு விழும் மலை இல்லை, ஒரு மேடு.

இனி, உங்களுக்கு இருக்கிறதா என்ற கேள்வி. 'இருக்கும்' என்று வைத்துக்கொண்டே தொடங்கலாம். எவ்வளவு, எந்த விஷயத்தில் என்பதுதான் அளக்க வேண்டியது. ஒரு தாளை எடுங்கள். கீழே உள்ள பத்துக்கும் ஒற்றை விடை வேண்டாம். 'இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் இருக்கும் என்று 90 சதவீதம் நிச்சயம்' என்று ஒரு வரம்பு எழுதுங்கள். தேடிப் பார்க்கக் கூடாது.

சூயஸ் கால்வாய் திறந்த ஆண்டு. பாம்பன் பழைய ரயில் பாலம் திறந்த ஆண்டு. தொட்டபெட்டாவின் உயரம் மீட்டரில். நிலவின் சராசரி தூரம் கிலோமீட்டரில். வளர்ந்த மனித உடம்பில் எலும்புகள். தங்கம் உருகும் வெப்பநிலை செல்சியஸில். கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூல் அச்சான ஆண்டு. புதன் கோள் சூரியனை ஒருமுறை சுற்ற எத்தனை நாள். ஐஃபல் கோபுரத்தின் உயரம் மீட்டரில். 20 டிகிரிக் காற்றில் ஒலி நொடிக்கு எத்தனை மீட்டர் போகும்.

விடைகள் வரிசையாக: 1869, 1914, 2,637, 3,84,400, 206, 1,064, 1578, 88, 330, 343.

வரம்பு சரியாகப் போட்டிருந்தால் பத்தில் ஒன்பது உள்ளே வந்திருக்க வேண்டும். ஐந்தாறுதான் வந்ததென்றால் கவலைப்பட வேண்டாம், முதல்முறை பெரும்பாலோருக்கு அப்படித்தான். ஆனால் கவனியுங்கள், இந்தத் தேர்வில் தங்கம் எப்போது உருகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. தெரியாவிட்டால் 300 முதல் 3,000 என்று அகலமாக எழுதியிருக்கலாம். எழுத யாரும் தடுக்கவில்லை. 900 முதல் 1,000 என்று சுருக்கி எழுத வைத்தது எது என்று யோசித்தால், அறியாமை வேறு, மிகை நம்பிக்கை வேறு என்பது கையில் பிடிபடும்.

அடுத்து, உங்கள் வேலையிலேயே இதைச் செய்யலாம். ஒரு நோட்டில் நான்கு பத்தி: தேதி, கணிப்பு, எத்தனை சதவீத நிச்சயம், நடந்ததா. 'இந்த ரிப்போர்ட் வியாழனுக்குள் முடியும், 90'. 'புரோகிராமில் இந்தப் பிழை இந்த ஃபங்ஷனில்தான் இருக்கிறது, 80'. கணிப்பு பின்னால் வாதாட முடியாதபடி எழுத வேண்டும்; 'விரைவில் முடியும்' என்பது கணிப்பே இல்லை. முப்பது நாற்பது சேர்ந்ததும் மதிப்பெண் போடுங்கள். 1950-இல் கிளென் பிரையர் என்ற வானிலையாளர் கொடுத்த முறை எளிது: சதவீதத்தைத் தசமமாக்கி, நடந்திருந்தால் 1-இலிருந்தும் நடக்காவிட்டால் 0-இலிருந்தும் கழித்து, வர்க்கப்படுத்தி, எல்லாவற்றுக்கும் சராசரி எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் நல்லது. 90 என்று சொல்லி நடந்தால் 0.01; நடக்காவிட்டால் 0.81. பத்து விஷயத்துக்கும் 90 சொல்லி ஆறுதான் நடந்தது என்றால் சராசரி 0.33. எதுவும் யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் 50 சொல்லியிருந்தால் 0.25 வந்திருக்கும். அதாவது அந்தத் துணிச்சல், நாணயம் சுண்டுவதைவிட மோசமான வேலை பார்த்திருக்கிறது. அதே ஆள் 60 என்று சொல்லியிருந்தால் 0.24, அறிவு ஒரு துளிகூடக் கூடாமலே மதிப்பெண் திருந்திவிடும்.

இதில் வழக்கமாகக் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். சிலர் முடிவு தெரிந்த பிறகு 'நான் அப்போதே நினைத்தேன்' என்று நோட்டில் ஏற்றுவார்கள். அது கணக்கில் சேராது. சிலர் நிச்சயமான விஷயங்களையே எழுதி நிரப்புவார்கள். நாளை சூரியன் உதிக்கும், 99. அழகான மதிப்பெண் வரும், பயன் ஒன்றும் இராது.

எண்களாக மாற்ற முடியாத விஷயத்துக்கு விளக்கிப் பார்ப்பதுதான் வழி. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசன்ப்ளிட், ஃபிராங்க் கீல் இருவரும், ஜிப், பூட்டு, ஃப்ளஷ் டாய்லெட் போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு புரியும் என்று ஆட்களை 1 முதல் 7 வரை மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக எழுதி விளக்கச் சொன்னார்கள். எழுதிய பிறகு அவர்களே தங்கள் மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டார்கள். நீங்களும் இப்போதே, பார்க்காமல் ஒரு சைக்கிள் வரையுங்கள்: ஃபிரேம், பெடல், செயின். செயினை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அப்படி ஒரு சைக்கிள் இருந்தால் ஹேண்டில்பாரைத் திருப்பவே முடியாது. நாம் தினம் பார்ப்பதால் வரும் பழக்கத்தைப் புரிதல் என்று எடுத்துக்கொள்கிறோம். விளக்கும்போது 'அப்புறம் அது எப்படியோ' என்று வாய் தடுமாறும் இடம் எதுவோ, அதுதான் உங்கள் அறிவின் எல்லைக்கோடு.

மற்றவர்களிடம் என்ன செய்வது? 'உனக்கு டன்னிங்–க்ரூகர்' என்று சொல்வதால் யாரும் திருந்தியதில்லை. அது படித்தவர்கள் பயன்படுத்தும் வசவு, அவ்வளவுதான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது 'எக்செல் பத்துக்கு எவ்வளவு தெரியும்' என்று கேட்காதீர்கள். தெரியாதவரும் 7 சொல்வார், நன்றாகத் தெரிந்தவரும் 8தான் சொல்வார். வரிசை கலைந்த ஒரு விலைப்பட்டியல், நூறு வரி, அதில் பட்டியலிலேயே இல்லாத இரண்டு குறியீடு. இதைக் கொடுத்து விலை எடுக்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் போதும். ஃபார்முலா போட்டதும் நான்கைந்து வரியைத் தானாகவே மூலப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறாரா, இல்லை எண் வந்தவுடன் 'முடிஞ்சுது சார்' என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுகிறாரா என்று மட்டும் பாருங்கள்.